வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: மெக்டவல் கவுண்டியின் நிலக்கரிக் கதை

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மெக்டவல் என்றொரு மலைக் கவுண்டி இருக்கிறது. உலகின் மிகச் சிறந்த நிலக்கரிகளுள் ஒன்று கிடைத்த அந்த மண்ணில், அந்த நாட்டின் மிக வறிய மக்களுள் சிலர் வாழ்கிறார்கள் என்று சென்ற இதழில் வேறொரு பதிலுக்கிடையே ஒரு வரி எழுதியிருந்தேன். அது எப்படி நேர்ந்தது என்று கேட்டுப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்விகள் என்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கவுண்டி என்பது நம்முடைய மாவட்டம் போன்றதா? மெக்டவல் எங்கே இருக்கிறது?

மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம். மெக்டவலின் பரப்பு ஏறத்தாழ 1,385 சதுர கிலோமீட்டர்; நம் ஊர் வட்டங்கள் மூன்றைச் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். ஆனால் நம் மாவட்டத்துக்கு ஆட்சியரை அரசு அனுப்புகிறது. அங்கே கவுண்டியின் மூன்று ஆணையர்கள், ஷெரிஃப், சொத்து மதிப்பீட்டாளர், பள்ளிக் குழுவினர் ஆகிய அனைவரையும் அந்த ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கான பணத்தில் ஒரு பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், ஒரு சுரங்கம் மூடப்பட்டால் அதன் அடி முதலில் வீட்டு அடுப்பிலும் அடுத்து வகுப்பறையிலும் விழும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் பதில்கள் எளிதில் விளங்கும்.

மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில், அப்பலாச்சிய மலைத்தொடருக்குள் இது அமைந்திருக்கிறது. டக் ஃபோர்க், டிரை ஃபோர்க், எல்க்ஹார்ன் ஓடை ஆகிய நீரோட்டங்கள் மலைகளை அறுத்துச் செல்லும் குறுகிய பள்ளத்தாக்குகளைத் தவிரச் சமதரை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. 1858ஆம் ஆண்டு, அப்போதைய வர்ஜீனியா மாநிலத்தின் டாஸ்வெல் கவுண்டியிலிருந்து பிரித்து, முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் மெக்டவலின் பெயரை இதற்கு இட்டார்கள். உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது இதுவும் அதனோடு சென்றது. 1860இல் இங்கே வாழ்ந்தவர்கள் 1,535 பேர். 1880இல் 3,074 பேர். மக்காச்சோளம் பயிரிட்டு, பன்றி வளர்த்து, வேட்டையாடிப் பிழைத்த மலைக்குடிகள் அவர்கள். இருப்புப்பாதை வருவதற்கு முன்பு வெளியுலகத்துக்கு இந்த இடத்தின் மீது பெரிய நாட்டம் ஏதும் இருக்கவில்லை.

தலைநகரான வெல்ச், அப்பகுதியை ஆராய்ந்த ஐசாயா வெல்ச் என்பவரின் பெயரைத் தாங்கியது. 1892இல் வாக்கெடுப்பு நடத்திப் பெர்ரிவில் என்ற பழைய ஊரிலிருந்து தலைமையிடத்தை இங்கே மாற்றினார்கள். எதிர்ப்பாளர்களுக்கு அஞ்சி, கவுண்டியின் பதிவேடுகளை இரவோடு இரவாக இரண்டு வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள்.

நெய்வேலியிலிருந்து, சுரங்கப் பணியில் ஓய்வுபெற்ற ஒருவர்: எங்கள் பழுப்பு நிலக்கரிக்கும் அந்த நிலக்கரிக்கும் அப்படி என்ன வேறுபாடு?

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். நெய்வேலியில் வெட்டப்படுவது வயதில் இளைய கரி. வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி ஈரப்பதமாகவே இருக்கும். அதனால் தொலைவுக்கு ஏற்றிச் செல்லாமல் பக்கத்திலேயே அனல்மின் நிலையம் கட்டி எரிக்கிறார்கள். மெக்டவலின் நிலக்கரி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடுகள் மண்ணுக்குள் அழுந்தி உருவானது. 'போகஹாண்டஸ் மூன்றாம் எண் அடுக்கு' என்று சுரங்கத் துறையினர் இன்றும் மரியாதையோடு குறிப்பிடும் அடுக்கு அங்கேதான் ஓடுகிறது. அதில் கந்தகமும் சாம்பலும் குறைவு. சூடேற்றினால் வாயுவாகப் பிரிந்து போகும் பகுதி 20 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே எரியும்போது புகை மிகக் குறைவாக வரும். தொலைவிலிருந்து பகைவர் கண்ணுக்குப் புகை தெரியக் கூடாது என்று எண்ணிய நீராவிக் காலத்துக் கடற்படைக்கு இது பெரும் வரம்; அமெரிக்கக் கடற்படை இந்தக் கரியை விரும்பி வாங்கியது.

அதைவிடப் பெரிய பயன் எஃகு உருக்குவதில் இருந்தது. காற்றுப் புகாமல் சூடேற்றினால் இந்த நிலக்கரி உறுதியான கல்கரியாக மாறும். இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலைக்கு அந்தக் கல்கரிதான் உயிர். ஒரு காலத்தில் தேன்கூட்டு வடிவச் செங்கல் சூளைகள் மெக்டவலின் ஓடைக்கரைகளில் வரிசை வரிசையாக இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நெய்வேலிக் கரி தன் ஈரத்தாலேயே உள்ளூரில் தங்கி, மின்நிலையத்தையும் நகரத்தையும் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொண்டது. மெக்டவலின் கரியோ உயர்ந்த தரத்தினாலேயே எந்தத் தொலைவுக்கும் ஏற்றிச் செல்லும் தகுதி பெற்றிருந்தது. அதனால் எஃகு ஆலைகளும் அவற்றைச் சார்ந்த தொழில்களும் அங்கே வரவேயில்லை.

காரைக்குடியிலிருந்து ஒரு வழக்கறிஞர்: அந்த நிலத்தின் உரிமை யாரிடம் இருந்தது? மலைக்குடிகளின் நிலம்தானே?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளுள் மிக முதன்மையானது இதுதான் என்று கருதுகிறேன். அங்கே ஒரு நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அதன் அடியில் கிடக்கும் கனிமம் வேறொருவருக்கும் உரியதாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே விற்கலாம், மரபுரிமையாகக் கொடுக்கலாம், குத்தகைக்கு விடலாம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, ஜெடிடையா ஹாட்ச்கிஸ் என்ற நிலப்பட வல்லுநர் இந்த மலைகளின் கனிம வளத்தை முதலீட்டாளர்களுக்கு விளக்கி எழுதினார். ஃபிலடெல்ஃபியாவின் செல்வந்தர்கள் இருப்புப்பாதையிலும் நிலத்திலும் ஒருசேரப் பணம் போட்டார்கள். நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் இருப்புப்பாதை 1883இல் எல்லைக்கு அப்பால், வர்ஜீனியாவிலிருக்கும் போகஹாண்டஸ் என்ற ஊரை எட்டி, அங்கிருந்து கரியை ஏற்றத் தொடங்கியது. 1888இல் ஃப்ளாட் டாப் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை முடிந்ததும் மெக்டவலின் கதவு திறந்தது. 1892இல் பாதை ஒகையோ ஆறுவரை நீண்டது.

ஆனால் அந்தப் பாதை வருவதற்கு முன்பே நிலம் கைமாறத் தொடங்கிவிட்டது. தன் காலடியில் என்ன கிடக்கிறது என்று அறிந்திராத குடியானவரிடமிருந்து, அறிந்திருந்தவர் மிகக் குறைந்த விலைக்கு வாங்கினார். இவ்வாறு சேர்ந்த பெரும் நிலத்தொகுதியை வைத்திருந்த ஃப்ளாட் டாப் நிலக்கரி நிலச் சங்கத்தை, 1901இல் அந்த இருப்புப்பாதை நிறுவனமே வாங்கிக்கொண்டது. ஏறக்குறைய 3 லட்சம் ஏக்கர், மெக்டவலையும் தாண்டிப் பக்கத்துக் கவுண்டிகளிலும் பரந்து கிடந்தது. நிலம் வைத்திருந்தவர் தாமே சுரங்கம் தோண்ட வேண்டிய தேவை இல்லை. சிறு சிறு சுரங்க முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, வெளியேறும் ஒவ்வொரு டன்னுக்கும் உரிமத்தொகை வாங்கினால் போதும். அதே கரியைத் தன் இருப்புப்பாதையில் ஏற்றிச் சென்று கூலியும் வாங்கலாம்.

எனவே, வழக்கறிஞரான தங்களுக்கு என் பதில் இது: மெக்டவலில் பல்லாயிரம் பேர் குடியேறுவதற்கு முன்பே, அவர்கள் தோண்டப்போகும் செல்வத்தின் பத்திரம் வேறு நகரத்துப் பெட்டகங்களுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னால் வந்த துன்பங்கள் பலவற்றுக்கும் வேர் அந்தப் பத்திரங்களில் இருக்கிறது என்பதே என் கருத்து. சுரங்கம் செழித்த காலத்திலும் நிலம் உள்ளூராருக்குக் கிடைக்கவில்லை. சுரங்கம் நொடித்த பிறகு வேறு தொழில் தொடங்க நினைத்தவர்களுக்கும் வெள்ளம் ஏறாத இடத்தில் ஒரு காணி கிடைப்பது அரிதாகவே இருந்தது.

வால்பாறையிலிருந்து ஒரு வாசகர்: தொழிலாளர்கள் எங்கே, எப்படி வாழ்ந்தார்கள்?

கம்பெனி ஊர்களில் வாழ்ந்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு வளைவில் சுரங்க வாய், அதையொட்டிக் கரியை உடைத்துத் தரம் பிரிக்கும் உயரமான கொட்டகை, இருப்புப்பாதைக் கிளை, ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும் பலகை வீடுகள், கம்பெனிக் கடை, தேவாலயம், பள்ளி, மருத்துவர். இவ்வளவும் ஒரே உரிமையாளருக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். கூலியின் ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்டால், நாணயத்துக்குப் பதிலாகக் கம்பெனி முத்திரை பதித்த உலோக வில்லைகளைத் தருவார்கள். 'ஸ்கிரிப்' எனப்பட்ட அந்த வில்லைகள் அந்தக் கடையில் மட்டுமே முழு மதிப்புக்குச் செல்லும். வாடகை, மருத்துவர் கட்டணம், வெடிமருந்து, கருவி தீட்டும் கூலி எல்லாவற்றையும் கழித்த பிறகு சம்பள நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாத குடும்பங்கள் பல.

எல்லாக் கம்பெனி ஊர்களும் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தன் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரில் 1902 வாக்கில் எழுப்பத் தொடங்கிய கேரி என்ற ஊர்த்தொகுதி, வீடுகளின் உறுதியாலும் பள்ளிகளின் தரத்தாலும் பெயர் பெற்றிருந்தது. அங்கே வளர்ந்த முதியவர்கள் அந்த வாழ்வைப் பற்றி இன்றும் பாசத்தோடு பேசுகிறார்கள். அந்தப் பாசம் பொய்யன்று. ஒரே சுரங்கத்தில் உயிரைப் பணயம் வைத்து இறங்கியவர்களின் குடும்பங்கள் ஒருவரையொருவர் தாங்கி நின்ற நினைவு அது.

உயிர்ப் பணயம் என்பது வெறும் அணிமொழியன்று. 1940 சனவரி 10ஆம் நாள் பார்ட்லி சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 91 பேர் மாண்டார்கள். செய்தித்தாளில் வராத சாவுகள் இன்னும் மிகுதி: கூரை இடிந்து ஒருவர், கரிவண்டி மோதி இருவர் என்று ஆண்டு முழுவதும் நிகழ்ந்தவை. கரித்தூள் படிந்து இறுகிப்போகும் கருநுரையீரல் நோயால், ஓய்வுபெற்ற பிறகு மூச்சுக்குத் தவித்து இறந்தவர்கள் வேறு. அந்த நோய்க்கு இழப்பீடு வழங்கும் கூட்டரசுச் சட்டம் 1969இல்தான் வந்தது.

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை: இந்தச் சுரங்கங்களில் கறுப்பின மக்கள் பணியாற்றினார்களா?

பெருமளவில் பணியாற்றினார்கள். தெற்கு மாநிலங்களில் வாக்குரிமை பறிக்கப்பட்டு, குத்தகை விவசாயத்தில் கடன்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களைச் சுரங்க முதலாளிகளின் ஆள்பிடிகாரர்கள் இங்கே அழைத்துவந்தார்கள். இத்தாலி, அங்கேரி, போலந்து நாட்டவரும் வந்து சேர்ந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மெக்டவலின் மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். பள்ளிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. மேற்பார்வையாளர் பதவிகளும் எட்டாத உயரத்தில் இருந்தன. ஆயினும் வெட்டிய கரியின் டன் கணக்குக்கே கூலி என்பதால் ஒரே அளவுக்கு ஒரே கூலி கிடைத்தது; எல்லாவற்றுக்கும் மேலாக, மேற்கு வர்ஜீனியாவில் அவர்களால் வாக்களிக்க முடிந்தது.

அந்த வாக்கின் வலிமையை இரண்டு நிகழ்வுகளில் காணலாம். மெக்டவலின் கீஸ்டோன் ஊரைச் சேர்ந்த மின்னி பக்கிங்காம் ஹார்ப்பர், 1928இல் தம் கணவர் இறந்தபோது காலியான சட்டமன்ற இடத்துக்கு ஆளுநரால் நியமிக்கப்பட்டு, அமெரிக்கச் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார். அதே ஆண்டில் கிம்பல் ஊரில், முதல் உலகப்போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காகத் தூண்கள் தாங்கிய நினைவு மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. அவ்வகையில் நாட்டிலேயே முதலாவது அது. தங்கள் பிள்ளைகளின் தியாகத்துக்கு நினைவகம் வேண்டும் என்று அந்த மக்கள் கவுண்டியிடம் கேட்டுப் பெற்ற கட்டடம் அது. தாங்கள் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

திருப்பூரிலிருந்து ஒரு தொழிற்சங்க ஊழியர்: தொழிற்சங்கம் அங்கே எப்போது கால் ஊன்றியது?

1933இல். அதுவரை முதலாளிகள் தனியார் துப்பறியும் படைகளை வைத்துக்கொண்டு சங்கத்தை உள்ளே விடவில்லை. பக்கத்து மிங்கோ கவுண்டியில், மேட்வான் ஊரின் காவல்துறைத் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டு தொழிலாளர் பக்கம் நின்றவர். 1920 மே மாதம், தொழிலாளர் குடும்பங்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற வந்த பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களுக்கும் ஊராருக்கும் இடையே அங்கே துப்பாக்கிச் சண்டை மூண்டு பத்துப் பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, 1921 ஆகஸ்டு 1ஆம் நாள், வேறொரு வழக்குக்காக மெக்டவலுக்கு வரவழைக்கப்பட்ட ஹாட்ஃபீல்டும் அவருடைய நண்பர் எட் சேம்பர்ஸும், வெல்ச் நீதிமன்றத்தின் படிக்கட்டுகளில் தம் மனைவியரின் கண்ணெதிரே அதே நிறுவனத்தின் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டனை பெறவில்லை. அந்தச் சினத்தில்தான் அம்மாத இறுதியில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதமேந்தி நடந்தார்கள். லோகன் கவுண்டியின் பிளேர் மலையில் நடந்த சண்டையைக் கூட்டரசுப் படை வந்து நிறுத்தியது. சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்ற 1933ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மெக்டவலின் தொழிலாளர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீதிமன்றப் படிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: நிலக்கரி தீர்ந்துபோனதால்தான் ஊர் வறுமையுற்றதா?

இல்லை. தோண்டத் தக்க கரி இன்றும் இருக்கிறது, இன்றும் தோண்டுகிறார்கள்.

அப்படியானால் மக்கள் ஏன் வெளியேறினார்கள் என்று கோயம்புத்தூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் இருவர் கேட்டிருக்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கை வரிசையாக எழுதுகிறேன். அதை மெதுவாகப் படிக்க வேண்டுகிறேன். 1890இல் 7,300, 1900இல் 18,747, 1910இல் 47,856, 1930இல் 90,479, 1950இல் 98,887. அதுவே உச்சம். பிறகு 1960இல் 71,359, 1970இல் 50,666, 1990இல் 35,233, 2010இல் 22,113, 2020இல் 19,111. உச்சத்தில் இருந்த ஐவரில் ஏறத்தாழ நால்வரின் இடம் இன்று காலி.

இதில் என்னை மிகவும் உறுத்துவது 1950க்கும் 1960க்கும் இடைப்பட்ட பத்தாண்டு. அப்போது சுரங்கங்கள் மூடிக்கிடக்கவில்லை. 1950இல் ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஜான் எல். லூயிஸ் முதலாளிகளோடு ஓர் உடன்பாடு செய்தார். உயர்ந்த கூலி, மருத்துவம், ஓய்வூதியம் ஆகியவை கிடைக்கும். அதற்கு ஈடாக இயந்திரங்கள் வருவதைச் சங்கம் தடுக்காது. துளையிடுதல், வெடிவைத்தல், அள்ளுதல் என்று பல குழுக்கள் செய்த வேலையை ஒரே மூச்சில் செய்யும் தொடர்வெட்டு இயந்திரம் சுரங்கத்துக்குள் இறங்கியது. மாநிலம் முழுவதும் லட்சத்துக்கு மேல் இருந்த சுரங்கத் தொழிலாளர்களின் எண்ணிக்கை, 1960களின் தொடக்கத்தில் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போனது. அதே காலத்தில் இருப்புப்பாதைகள் டீசலுக்கும் வீடுகள் எரிவாயுவுக்கும் மாறின. லூயிஸ் செய்ததைத் துரோகம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். எஞ்சிய தொழிலாளிக்குக் கண்ணியமான வாழ்வை அவர் பெற்றுத்தந்தார். ஆனால் வெளியேற்றப்பட்டவருக்கு அந்த உடன்பாட்டில் ஒரு வரியும் இல்லை. டெட்ராய்ட், கிளீவ்லாந்து, ஆக்ரன் என்று ஆலை நகரங்களுக்கு அவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்தார்கள். புதிய இயந்திரங்களில் பயிற்சி பெறும் வாய்ப்பு குறைவாக இருந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு முதல் அடி விழுந்தது.

1960இல் வேட்பாளராக இங்கே வந்து போன ஜான் கென்னடி, அவ்வாண்டு செப்டம்பரில் ஒகையோவின் கான்டன் நகரில் பேசும்போது மெக்டவலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். முன்னெப்போதையும்விட மிகுதியாகக் கரி தோண்டும் கவுண்டியில், நாட்டிலேயே மிகுதியானவர்கள் அரசு தரும் உணவுப் பொட்டலத்தை நம்பி வாழ்கிறார்கள் என்பதும், மனிதர் செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதே அதற்குக் காரணம் என்பதும் அவர் பேச்சின் சாரம். பதவியேற்றபின், 1961 மே 29ஆம் நாள், புதிய உணவுக் கூப்பன் திட்டத்தின் முதல் கூப்பன்களை வேளாண்மைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமன் வெல்ச் நகரில்தான் வழங்கினார். பெற்றுக்கொண்டது, பதினைந்து பேர் கொண்ட ஒரு வேலையிழந்த சுரங்கத் தொழிலாளியின் குடும்பம். இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர் பயன்பெறும் உணவு உதவித் திட்டம் அந்தக் கைகளிலிருந்து தொடங்கியது.

இரண்டாவது பேரடி 1980களில் விழுந்தது. அமெரிக்க எஃகுத் தொழில் சுருங்கியது. கேரியின் சுரங்கங்களில் 1982இல் பெருமளவில் வேலை நிறுத்தப்பட்டு, 1986இல் எஞ்சியவையும் மூடப்பட்டன. முன்பு இயந்திரம் எடுத்துக்கொண்ட வேலைகளைச் சந்தை எடுத்துக்கொண்டது.

சென்னையிலிருந்து ஒரு பொருளியல் மாணவர்: கரி வெளியே போனபோது அதன்மீது வரி விதித்து நிதி சேர்த்திருக்கலாமே?

கேட்ட ஒருவர் இருந்தார். 1953இல் ஆளுநராகப் பதவியேற்ற வில்லியம் மார்லாண்டு, நிலக்கரிச் சுரங்க வட்டாரத்தில் வளர்ந்தவர். தோண்டி எடுக்கும் ஒவ்வொரு டன் கரிக்கும் 10 சென்ட் வரி விதித்து, அந்தப் பணத்தில் பள்ளிகளும் சாலைகளும் அமைப்போம் என்று பதவிக்கு வந்த முதல் ஆண்டிலேயே சட்டமன்றத்தில் கேட்டார். சுரங்க நிறுவனங்களின் எதிர்ப்பில் அது தோற்றது. அவருடைய அரசியல் வாழ்வும் அதோடு சாய்ந்தது. 1965இல் சிகாகோ நகரில் அவர் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருப்பதைச் செய்தியாளர் ஒருவர் கண்டு எழுதினார். அவ்வாண்டின் இறுதிக்குள் அவர் காலமானார்.

மார்லாண்டு கேட்டதைப் பிறர் செய்தார்கள். நிலக்கரியும் எண்ணெயும் மிகுந்த வயோமிங் மாநிலம், 1974இல் தன் அரசமைப்பையே திருத்தி, கனிம வரியின் ஒரு பங்கு, அசல் தொகையில் கைவைக்கக்கூடாத நிரந்தர நிதிக்குப் போக வேண்டும் என்று எழுதிவைத்தது. அலாஸ்கா 1976இல் அதைச் செய்தது. மேற்கு வர்ஜீனியாவும் பிற்காலத்தில் கரியின் விற்பனை மதிப்பில் 5 விழுக்காடு வரி விதித்தது. ஆனால் அதன் பெரும்பகுதி மாநிலத்தின் பொதுச் செலவில் கலந்துவிடுகிறது, தோண்டப்பட்ட கவுண்டிக்குச் சேர்வது மிகச் சிறு பங்கு. அதிலும் அந்த வரி வருவதற்குள் மெக்டவலின் மிகச் சிறந்த கரியின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. 1953இல் அந்த 10 சென்ட் கிடைத்திருந்தால் வெளியேற்றம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை; நின்றவர்களுக்கு நல்ல சாலையும் நல்ல குடிநீரும் இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குடிநீர் என்றதும் நாகர்கோவிலிலிருந்து ஒரு செவிலியர் எழுதிய கேள்வி பொருத்தமாகிறது: அங்கே மக்களின் உடல்நலம் எப்படி?

வருந்தத்தக்க நிலையில் இருக்கிறது. 2013இல் வெளியான ஆய்வொன்றின்படி, மெக்டவலின் ஆண்களுக்குச் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 63.9 ஆண்டுகள்; நாட்டின் எல்லாக் கவுண்டிகளிலும் அதுவே மிகக் குறைவு. நுரையீரல் நோய், நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றோடு, வலிமாத்திரை அடிமைத்தனமும் சேர்ந்துகொண்டது. முதுகு ஒடிய உழைத்த உடல்களுக்கு மருத்துவச் சீட்டின் வழியாகவே வந்து, பிறகு ஒரு தலைமுறையைப் பிடித்துக்கொண்ட கொடுமை அது. பெற்றோரை இழந்து தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் அங்கே ஏராளம்.

கம்பெனிகள் போனபோது, அவை பதித்த பழைய குழாய்களும் கவனிப்பாரற்றுப் போயின. கீஸ்டோன், நார்த்ஃபோர்க் ஆகிய ஊர்களில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் என்ற எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சாலையோர மலை ஊற்றில் குடங்களை நிரப்பிச் செல்வோர் இன்றும் உண்டு. சமதரை ஆற்றங்கரையில் மட்டுமே இருப்பதால் வீடுகளும் அங்கேதான். 2001 சூலையிலும் 2002 மேயிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளம் பல ஊர்களைச் சிதைத்தது, 2025 பிப்ரவரியில் மீண்டும் பெருவெள்ளம் வந்து உயிர்களைக் கொண்டுசென்றது.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: இன்று அங்கே என்ன தொழில்? வெளியூரார் போய்ப் பார்க்க ஏதேனும் உண்டா?

பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் வேலை தருகின்றன. வெல்ச் அருகே 2010இல் திறந்த கூட்டரசுச் சிறை ஒன்று இருக்கிறது. எஃகு ஆலைகளுக்கான கரி தோண்டும் சுரங்கங்கள் சில, உலகச் சந்தையின் விலைக்கேற்ப ஆள் எடுப்பதும் நிறுத்துவதுமாக நடக்கின்றன. பழைய சுரங்கப் பாதைகளையும் மரம்வெட்டிகளின் தடங்களையும் இணைத்து, நான்கு சக்கர மலைவண்டி ஓட்டுவோருக்காக ஹாட்ஃபீல்டு-மெக்காய் தடங்கள் என்ற பெயரில் பாதைகள் அமைத்திருக்கிறார்கள். வார், கேரி, வெல்ச் ஆகிய ஊர்களில் விடுதிகளும் உணவகங்களும் அதனால் முளைத்திருக்கின்றன. ஆசிரியர்கள் குடியிருக்க வீடில்லாமல் வேலையை விட்டுப் போவதைத் தடுக்க, ஆசிரியர் சங்கம் ஒன்றின் முயற்சியால் வெல்ச் நகரின் நடுவே அவர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றும் எழுந்திருக்கிறது. சிறிய காரியம் போலத் தோன்றலாம். பல காலமாகக் கட்டடங்கள் இடிவதை மட்டுமே கண்ட தெருவில் புதிதாக ஒன்று எழுவது சிறிய காரியமன்று.

போவதாக இருந்தால், வெல்ச் நீதிமன்றத்தின் படிகளையும், 1941இல் நகராட்சியே கட்டிய, நாட்டிலேயே அவ்வகையில் முதலாவதான வாகன நிறுத்தக் கட்டடத்தையும் பார்க்கலாம். எல்க்ஹார்ன் ஓடையில் தூண்டில் போடுவோர் டிரவுட் மீனுக்காகத் தொலைவிலிருந்து வருகிறார்கள். அந்த ஓடையை ஒட்டிய சாலையிலேயே சில கிலோமீட்டர் கிழக்கே போனால் கிம்பல் வரும். அங்குள்ள நினைவு மண்டபம் 1991இல் தீயில் கருகிச் சுவர்களும் தூண்களுமாக நின்றது. ஊரில் எஞ்சியிருந்தவர்கள் விடாமல் முயன்று அதை மீண்டும் எழுப்பிவிட்டார்கள். இப்போது கூட்டங்களும் குடும்ப விழாக்களும் அங்கே நடக்கின்றன.